ஒற்றையரிலும் ஜோடியிலும்: மாரிபெல் வின்சனின் ஸ்கேட்டிங் வாழ்க்கை

மாரிபெல் வின்சன் 1928க்கும் 1937க்கும் இடையில் அமெரிக்காவின் பெண்கள் ஒற்றையர் ஃபிகர் ஸ்கேட்டிங் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். அதே ஆண்டுகளில் ஆறு ஜோடிப் பட்டங்களும் அவருக்குக் கிடைத்தன. 1932ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் வெண்கலம் பெற்றார். போட்டிக் களத்தை விட்ட பிறகு பயிற்சியாளராகவும் நூலாசிரியராகவும் இன்னும் 24 ஆண்டுகள் உழைத்தார். அமெரிக்க ஸ்கேட்டிங் இன்று அவருக்குப் பட்டிருக்கும் கடனில் பெரும்பங்கு இந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியின் வேர், ஒரே ஆள் இரண்டு பிரிவுகளிலும் ஆடிய முதல் பகுதியில் இருக்கிறது.

வின்சன் 1911 அக்டோபர் 12ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனை அடுத்த வின்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே ஸ்கேட்டிங் ஆடியவர்கள். குழந்தை சரியாக நடக்கப் பழகிய வயதிலேயே காலில் பிளேடு மாட்டிவிட்டார்கள். பாஸ்டன் வட்டாரத்தில் குளிர்காலம் நீண்டது. குளங்கள் உறையும், உறைந்த நீரின் மேல் ஊரே இறங்கும். 1910இல் திறக்கப்பட்ட பாஸ்டன் அரீனாவில் இயந்திரத்தால் உறையவைத்த ஐஸ் தளமும் இருந்ததால், வெயில் அடித்தாலும் பயிற்சி நிற்காது. 1912இல் தொடங்கிய பாஸ்டன் ஸ்கேட்டிங் கிளப், ஜெர்மனியிலிருந்து வந்த வில்லி ஃப்ரிக்கைப் பயிற்சியாளராக அமர்த்தியிருந்தது. வின்சன் அவரிடம்தான் பாடம் கற்றார்.

அன்றைய ஒற்றையர் போட்டியைத் தொலைக்காட்சியில் இன்று காணும் போட்டியை வைத்து மதிப்பிட முடியாது. மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் 'கட்டாய வடிவங்கள்' என்ற பகுதிக்குப் போய்விடும். சுத்தமாகத் துடைத்த ஐஸின் மேல், ஒற்றைக் காலில் நின்று, எட்டு என்ற எண்ணையும் அதன் கடினமான கிளை வடிவங்களையும் பிளேடின் ஓரத்தால் கீற வேண்டும். முன்னோக்கி, பின்னோக்கி, உள்ஓரத்தில், வெளிஓரத்தில் என்று வகைகள் பெருகும். ஒருமுறை கீறினால் போதாது. அதே கோட்டின் மேல் மீண்டும் மீண்டும் சென்று, முதல் கோட்டிலிருந்து விலகாமல் வர வேண்டும். ஆட்டக்காரர் விலகிய பின் நடுவர்கள் ஐஸின் மேல் குனிந்து, கோடு எங்கே தடித்திருக்கிறது, எங்கே வளைவு தட்டையாகிவிட்டது என்று கண்ணால் அளப்பார்கள். பார்வையாளர் கூட்டத்துக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆட்டக்காரருக்கோ இதுதான் எல்லாம்: நாள்தோறும் மணிக்கணக்கில் இந்தக் கோடுகளோடுதான் கழியும். அதன் பிறகுதான் இசைக்கேற்ற சுதந்திர ஆட்டம்.

ஜோடிப் பிரிவில் கட்டாய வடிவங்கள் இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்தும் பிரிந்தும், ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் ஆடுவதே அதன் சாரம். தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றும் இன்றைய ஜோடி ஆட்டம் அப்போது கிடையாது. சிறிய தூக்கல்கள், அருகருகே ஆடும் சுழல்கள், இருவர் கால்களும் ஒரே தருணத்தில் தளத்தைத் தொடும் ஒழுங்கு ஆகியவற்றுக்கே மதிப்பு. ஆகவே ஒற்றையரில் தேறிய ஒருவர் தன் பாணிக்கு ஒத்த துணை ஒருவரைப் பிடித்துவிட்டால் ஜோடியிலும் நிற்கலாம். ஒற்றையரில் கற்ற ஓரக் கட்டுப்பாடு ஜோடிக்கு அப்படியே உதவியது. 1908இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் மாட்ஜ் சையர்ஸ் பெண்கள் ஒற்றையரில் தங்கமும், கணவர் எட்கருடன் ஜோடியில் வெண்கலமும் பெற்றபோதே இந்த வழக்கம் ஒலிம்பிக்கில் இடம்பிடித்துவிட்டது.

பாஸ்டனில் அந்த வழக்கத்துக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி ஒருவர் இருந்தார். தெரசா வெல்ட் பிளான்சர்ட் 1920 ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் பெற்றவர். அமெரிக்க அளவில் ஆறு ஒற்றையர் பட்டங்களும், நதானியேல் நைல்ஸுடன் ஒன்பது ஜோடிப் பட்டங்களும் வென்றவர். வின்சனின் கணக்கு இதன் மறுதலையாக அமைந்தது: ஒன்பது ஒற்றையர், ஆறு ஜோடி. இருவருக்கும் கூட்டுத்தொகை பதினைந்துதான். ஒரே நகரத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்த இரு பெண்கள் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓர் அமெரிக்க விளையாட்டின் உச்சியில் இருந்திருக்கிறார்கள். பாஸ்டனின் கிளப்புகள் தங்கள் பெண் உறுப்பினர்களுக்கு ஐஸ் தளத்தையும் நல்ல பயிற்சியாளரையும் ஆண்களுக்கு நிகராகத் தந்தன. அதன் பலனைத்தான் இந்தப் பட்டியலில் காண்கிறோம்.

வின்சனின் பெயர் 1928இல் ஒரேயடியாக மேலே வந்தது. அந்த ஆண்டு, மூன்று ஆண்டுகளாக ஒற்றையர் பட்டம் வைத்திருந்த நியூயார்க்கின் பியட்ரிக்ஸ் லாஃப்ரனின் இடம் அவருக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வெல்ட், நைல்ஸ் கையில் இருந்த ஜோடிப் பட்டமும் வின்சன், தார்ன்டன் கூலிட்ஜ் ஜோடிக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 16. அதே பருவத்தில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் ஆடி நான்காவதாக வந்தார். லாஃப்ரன் அவருக்கு ஓரிடம் முன்னால் நின்று வெண்கலம் பெற்றார். ஆனால் அடுத்த மாதம் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் வின்சன் வெள்ளி வென்றார். அவருக்கு மேலே ஒருவர் மட்டுமே இருந்தார். நார்வேயின் சோனியா ஹெனி.

வின்சனின் சர்வதேச வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பெயரின் நிழலில் கழிந்தது. ஹெனி 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள் வென்றார். மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் அவருடையவை. வின்சன் உலகத் தரத்தில் ஆடிய ஆண்டுகளும் ஏறக்குறைய அவையேதான். 1930இல் நியூயார்க்கில் நடந்த உலகப் போட்டியில் ஹெனிக்கும் கனடாவின் சிசில் ஸ்மித்துக்கும் பின்னால் வெண்கலம். 1932இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஹெனிக்கும் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸி பர்கருக்கும் பின்னால் மீண்டும் வெண்கலம். வட அமெரிக்கக் கண்டத்துக்குள்ளும் வழி எளிதாக இல்லை. கனடாவின் கான்ஸ்டன்ஸ் வில்சன் சாமுவேல் 1929 முதல் 1935 வரை வட அமெரிக்கப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1937இல்தான் அது வின்சனுக்குக் கிடைத்தது. இந்தப் பதக்கங்களை மட்டும் வைத்து அவரை 'எப்போதும் மூன்றாமவர்' என்று எழுதுவது நியாயமாகாது. ஹெனி ஸ்கேட்டிங்கை மட்டுமே தொழிலாகக் கொண்டு ஆண்டு முழுவதும் ஐரோப்பாவின் சிறந்த பயிற்சியாளர்களிடம் பழகியவர். வின்சனோ அதே ஆண்டுகளில் ஹார்வர்டுடன் இணைந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடினார். 1933இல் பட்டம் பெற்றார்.

ஒற்றையரில் 1928 முதல் 1933 வரை ஆறு ஆண்டுகள் அமெரிக்காவில் அவரை யாரும் அசைக்கவில்லை. ஜோடியில் கதை கொஞ்சம் வேறு. கூலிட்ஜுடன் 1928, 1929 ஆகிய இரு ஆண்டுகளில் வென்றபின், லாஃப்ரன் ஷெர்வின் பேட்ஜருடன் சேர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தப் பட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த ஜோடி 1932 ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற்றது. ஒற்றையரில் வின்சனிடம் பட்டத்தை இழந்தவர் ஜோடியில் அவருக்குப் பதில் சொன்னார் எனலாம். இரண்டு பிரிவிலும் ஆடுவது அன்றைய அமெரிக்கப் பெண்களிடையே எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 1933இல் வின்சன் ஜார்ஜ் ஹில் என்ற புதிய துணையுடன் திரும்பி வந்து ஜோடிப் பட்டத்தை மீட்டார். 1934இல் அவர் ஐரோப்பாவில் பயிற்சியில் இருந்ததால் உள்நாட்டுப் பட்டங்கள் இரண்டும் வேறு கைகளுக்குப் போயின. பின்னர் 1935, 1936, 1937 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரண்டையும் சேர்த்தே வென்றார். 1935இல் வட அமெரிக்க ஜோடிப் பட்டமும் வின்சன், ஹில் ஜோடிக்கே கிடைத்தது.

இந்த இரட்டை உழைப்பின் உச்சம் 1936 பிப்ரவரியில் ஜெர்மனியின் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷனில் நடந்த ஒலிம்பிக். வின்சன் ஒற்றையரில் ஐந்தாவது. ஹில்லுடன் ஜோடியிலும் ஐந்தாவது. அதே போட்டியில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் பையர், மாக்சி ஹெர்பருடன் ஜோடித் தங்கமும் ஆண்கள் ஒற்றையரில் வெள்ளியும் வென்றார். இரு பிரிவிலும் முன்வரிசையில் நிற்பது அப்போதும் நடக்கக்கூடிய காரியமாகவே இருந்தது என்பது தெரிகிறது. ஒற்றையரில் வின்சனுக்கு முன்னால் நின்ற நால்வரில் இங்கிலாந்தின் சிசிலியா காலெட்ஜுக்கு வயது 15தான். பனிக்களத்தில் புதிய தலைமுறை வந்துவிட்டது.

போட்டிகளுக்கு இடையே வின்சனுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. கல்லூரிக்குப் பின் அவர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் எழுதினார். அந்த இதழின் முதல் பெண் விளையாட்டுச் செய்தியாளர் என்ற இடம் அவருக்கு உண்டு. பெண்களின் விளையாட்டைப் பற்றி நாளிதழ்கள் சில வரிகளோடு நிறுத்திக்கொண்ட காலம் அது. ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அதை வாசகருக்கு விளக்கும்போது, நடுவர் எதைப் பார்க்கிறார், ஒரு சுழல் ஏன் கெட்டது, ஒரு தாவலுக்கு முன் பிளேடு எந்த ஓரத்தில் இருந்தது என்பதெல்லாம் சொற்களாக மாறியாக வேண்டும். பின்னாளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவருக்குக் கைகொடுத்த தெளிவு இங்கேதான் கூர்மை பெற்றிருக்க வேண்டும்.

1937இல் இரு தேசியப் பட்டங்களையும் கையில் வைத்திருந்த நிலையிலேயே அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். அன்றைய விதிப்படி, காசு வாங்கி ஆடினாலோ கற்பித்தாலோ போட்டியில் கலந்துகொள்ள முடியாது. ஒருமுறை அந்தப் பக்கம் போனவர் திரும்புவதில்லை. 25 வயதில் எடுத்த அந்த முடிவோடு அவருடைய போட்டிப் பட்டியல் முடிந்தது. ஐஸ் காட்சிகளில் ஊர் ஊராகச் சென்று ஆடினார். 1938இல் 'பிரைமர் ஆஃப் ஃபிகர் ஸ்கேட்டிங்' என்ற நூலை வெளியிட்டார்; 1940இல் 'அட்வான்ஸ்டு ஃபிகர் ஸ்கேட்டிங்' வந்தது. முதல் நூல் காலணியைக் கட்டும் நிலையில் இருப்பவருக்கு. இரண்டாவது பட்டத்துக்குப் போட்டியிடுபவருக்கு. மூன்றாவது நூலான 'தி ஃபன் ஆஃப் ஃபிகர் ஸ்கேட்டிங்' 1960இல் வெளியானது.

1938இல் ஒட்டாவாவைச் சேர்ந்த கனடிய ஸ்கேட்டர் கை ஓவனை மணந்தார். இருவரும் சேர்ந்து காட்சிகளில் ஆடினார்கள். பின்னர் கலிஃபோர்னியாவில் பயிற்சி அளித்தார்கள். மூத்த மகள் மாரிபெல் 1940இலும் இளையவள் லாரன்ஸ் 1944இலும் பிறந்தார்கள். திருமணம் 1940களின் இறுதியில் முறிந்தது. கை ஓவன் 1952இல் இறந்தார். அதே ஆண்டில் தந்தையும் இறக்க, வின்சன் ஓவன் இரு மகள்களோடு வின்செஸ்டருக்குத் திரும்பித் தாயுடன் குடியேறினார். இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டும். வீட்டுக்குச் சம்பாதிக்கும் ஒரே ஆள் அவர்தான். பாஸ்டன் ஸ்கேட்டிங் கிளப்பிலும் சுற்றுவட்டாரத் தளங்களிலும் இடைவிடாமல் பாடம் எடுத்தார். கறாரான ஆசிரியை என்று பெயர் வாங்கினார்.

அவரிடம் பழகியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டென்லி ஆல்பிரைட். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தில் படுத்துத் தேறி வந்தவர். ஃப்ரிக்கிடமும் பின்னர் வின்சன் ஓவனிடமும் பயின்றவர். 1953இல் உலகப் பட்டம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். 1956இல் இத்தாலியின் கோர்டினா ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியில் தன் பிளேடே கணுக்காலைக் கிழித்தும், ஆடித் தங்கம் வென்றார். ஒற்றையரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண்ணும் அவரே. ஹெனியின் காலத்தில் ஆசிரியைக்குக் கிட்டாதது மாணவிக்குக் கிட்டியது. ஆல்பிரைட்டும் ஆசிரியை படித்த ராட்கிளிஃப்பில் சேர்ந்தவர். பிறகு ஹார்வர்டில் மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை மருத்துவரானார். 1960 ஒலிம்பிக்கில் மனைவி நான்சியுடன் ஜோடி வெண்கலம் பெற்ற ரான் லுடிங்டனும் வின்சன் ஓவனின் மாணவரே. கறுப்பினத்தவர் என்பதால் ஐஸ் தளங்களும் கிளப்புகளும் கதவடைத்த மேபல் ஃபேர்பேங்க்ஸுக்கு அவர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது. பின்னாளில் ஃபேர்பேங்க்ஸ் தாமே பெரிய பயிற்சியாளராகி, தமக்கு மூடப்பட்ட கதவுகளை மற்றவர்களுக்காகத் திறந்தார்.

தாய் தனியாளாகச் சுமந்த இரண்டு பிரிவுகளையும் மகள்கள் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டார்கள். லாரன்ஸ் ஒற்றையரில் ஆடினாள். மூத்தவள் மாரிபெல் டட்லி ரிச்சர்ட்ஸுடன் ஜோடியில் ஆடினாள். 1960இல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் லாரன்ஸ் ஆறாவது, மாரிபெல், ரிச்சர்ட்ஸ் ஜோடி பத்தாவது. 1961 ஜனவரியில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த தேசியப் போட்டியில் இருவருமே வென்றார்கள்: ஒற்றையர் பட்டம் தங்கைக்கு, ஜோடிப் பட்டம் அக்காளுக்கு. தாய் கடைசியாக இரண்டையும் சேர்த்து வென்று 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த மாதம் ஃபிலடெல்ஃபியாவில் வட அமெரிக்கப் பட்டமும் லாரன்ஸுக்குக் கிடைத்தது. 1961 பிப்ரவரி 13ஆம் தேதியிட்ட 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையில் அவள் படம் வந்தது. அப்போது அவளுக்கு 16 வயது.

அந்த ஆண்டின் உலகப் போட்டி செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் நடக்கவிருந்தது. அமெரிக்க அணி நியூயார்க்கிலிருந்து சபேனா நிறுவனத்தின் 548ஆம் எண் விமானத்தில் புறப்பட்டது. 1961 பிப்ரவரி 15ஆம் தேதி காலை, பிரஸ்ஸல்ஸில் இறங்கும் நேரத்தில் அந்த போயிங் 707 விமானம் விமான நிலையத்துக்கு அருகில் பெர்க் என்ற கிராமத்தின் வயலில் விழுந்தது. விமானத்தில் இருந்த 72 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். அணியோடு சென்ற 34 பேரில் 18 பேர் ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் பயிற்சியாளர்களும் நடுவர்களும் நிர்வாகிகளும் குடும்பத்தினரும். மாரிபெல் வின்சன் ஓவனும் இரு மகள்களும் டட்லி ரிச்சர்ட்ஸும் அவர்களில் இருந்தார்கள். வின்சன் ஓவனுக்கு வயது 49, மூத்த மகளுக்கு 20. வின்செஸ்டர் வீட்டில் பாட்டி மட்டும் எஞ்சினார். விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாறே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டாலும், விபத்தின் காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. அந்த ஆண்டின் உலகப் போட்டி ரத்து செய்யப்பட்டது.

அமெரிக்க ஸ்கேட்டிங் சங்கம் இறந்தவர்கள் பெயரில் நினைவு நிதி ஒன்றை நிறுவியது. வசதியில்லாத இளம் ஸ்கேட்டர்களின் பயிற்சிக்கு அது இன்றும் உதவுகிறது. ஆட்டக்காரர்களை இழந்ததைவிடப் பயிற்சியாளர்களை இழந்தது நீண்ட நாள் காயம். அந்த இடத்தை நிரப்ப இத்தாலியின் கார்லோ ஃபாஸி, இங்கிலாந்தின் ஜான் நிக்ஸ் போன்றவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். ஃபாஸியிடம் பயின்ற பெகி ஃப்ளெமிங் 1968இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வின்செஸ்டரில் தாயின் இரு குடும்பப் பெயர்களையும் தாங்கிய வின்சன் ஓவன் தொடக்கப்பள்ளி இயங்கிவருகிறது. 1976இல் அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங்கின் புகழ்வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இரு பிரிவிலும் ஆடும் வழக்கம் அவருக்குப் பின் மெல்லத் தேய்ந்தது. ஜோடி ஆட்டத்தில் தலைக்கு மேல் தூக்குவதும் எறிந்து தாவவைப்பதும் வந்தபின், அதற்கென்றே தனி உடற்கட்டும் தனிப் பயிற்சியும் தேவைப்பட்டன. ஒற்றையரில் மும்முறை சுழலும் தாவல்கள் கட்டாயமாகின. ஒரு நாளில் இருக்கும் மணிநேரங்கள் இரண்டுக்கும் போதவில்லை. 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் கிறிஸ்டி யமகுச்சி அதைக் கடைசியாக உயர்ந்த தரத்தில் செய்துகாட்டினார்: 1989 தேசியப் போட்டியில் ரூடி கலிண்டோவுடன் ஜோடித் தங்கமும் ஒற்றையரில் வெள்ளியும். 1990 உலகப் போட்டியில் ஒற்றையரில் நான்காவதாகவும் ஜோடியில் ஐந்தாவதாகவும் வந்தபின் ஜோடியை விட்டார். 1991இல் உலகப் பட்டமும் 1992இல் ஒலிம்பிக் தங்கமும் ஒற்றையரில் அவருக்குக் கிடைத்தன. சர்வதேசப் போட்டிகளின் ஒற்றையர் பிரிவிலிருந்து கட்டாய வடிவங்களும் 1990உடன் நீக்கப்பட்டன. வின்சன் ஆண்டுக்கணக்கில் கீறிப் பழகிய அந்தக் கோடுகளுக்கு இப்போது மதிப்பெண் இல்லை.

ஒற்றையரில் அவர் வைத்த ஒன்பது பட்டங்களின் கணக்கு 68 ஆண்டுகள் தனியாக நின்றது. 1950களில் வின்சன் ஓவனிடம் பயின்ற மாசசூசெட்ஸ் இளைஞர்களில் ஃபிராங்க் கரோல் என்பவரும் ஒருவர். பின்னாளில் பயிற்சியாளரான அவர் தன் பயிற்சி முறை யாரிடமிருந்து வந்தது என்பதை மறைத்ததே இல்லை. அவரிடம் பழகியவர்களில் லிண்டா ஃப்ராடியான் 1977இலும் 1979இலும் உலகப் பட்டம் வென்றார். இவான் லைசாசெக் 2010இல் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். மிஷெல் குவான் சிறுமியாக இருந்தது முதல் 2001 வரை கரோலிடம் பயின்று நான்கு உலகப் பட்டங்களை வென்றார். அவரைவிட்டுப் பிரிந்த பின், 2005இல் குவான் தன் ஒன்பதாவது அமெரிக்கப் பட்டத்தைப் பெற்று வின்சனின் எண்ணிக்கையை எட்டினார். பத்தாவது பட்டத்தை இதுவரை எந்த அமெரிக்கப் பெண்ணும் வெல்லவில்லை.